பார்க்காமல் கையெழுத்துப் போட்ட வரி

உங்கள் துறைக்குப் புது ஸ்கேன் இயந்திரம் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தீர்கள். திரைக்குச் சந்தனம், குங்குமம். மேலே சம்பங்கி மாலை. பக்கத்தில் நீங்கள் ஆறு பேரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு நிற்கிற மாதிரி நிற்கிறீர்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசி குத்தாமலேயே சொல்லிவிடுமாம். 'இனிமே பயாப்சி கதையே முடிஞ்சுது மேடம்' என்று ஒருத்தர் கீழே எழுதியிருக்கிறார். கதை முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி மாலை போட்டவள்தான்.

ஓய்வு பெற்று நாகமலை புதுக்கோட்டையில் உட்கார்ந்திருக்கிறேனே, அனுபவத்தை நாலு பக்கம் எழுதக் கூடாதா என்று கேட்டீர்கள். கருவியை எந்த விலா இடுக்கில் வைப்பது, எத்தனை அளவு எடுப்பது என்பதெல்லாம் கம்பெனிக்காரர் வந்து சொல்லிக்கொடுப்பார். சமோசாவும் வாங்கிக்கொடுப்பார். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் வராது, அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ரேடியாலஜிஸ்டாக இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். அதுவரை கல்லீரலின் இறுக்கத்தைத் தெரிந்துகொள்ள விலாவுக்கு நடுவே ஊசியை இறக்கி நூல் அளவு சதையை எடுப்போம். நோயாளி பயப்படுவார், வீட்டார் அதைவிட அதிகமாகப் பயப்படுவார்கள். புது இயந்திரம் வந்ததும் எல்லாம் மாறியது. அது கல்லீரலுக்குள் ஓர் அதிர்வை அனுப்பும். மிருதுவான கல்லீரலில் அதிர்வு மெதுவாகப் போகும், இறுகியதில் வேகமாக ஓடும். அந்த வேகத்தை ஓர் எண்ணாக்கிக் கையில் கொடுத்துவிடும். கூடவே கலர் படம். நீலம் என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஆபத்து. எங்கள் நிர்வாக இயக்குநருக்கு அந்தக் கலர் ரொம்பப் பிடித்துப்போய், வரவேற்பறையில் பெரிதாக அச்சடித்து மாட்டிவிட்டார். டீ கொடுக்க வருகிறவர் முதற்கொண்டு எல்லோரும் சிவப்பைப் பார்த்து 'ச்சொ' கொட்டப் பழகிவிட்டார்கள்.

அறிக்கை எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி அறிக்கை தயாராக இருக்கும். அதில் உலகத்தில் உள்ள எல்லா உறுப்பும் இயல்பு. எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் நான் சொல்வேன், டைப்பிஸ்ட் முருகேஸ்வரி அந்த வரியை மட்டும் மாற்றுவார். மற்ற வரிகள் பேசாமல் கீழே இறங்கி என் கையெழுத்துக்கு வந்துவிடும். பித்தப்பையை ஆபரேஷனில் எடுத்துவிட்ட ஒருவருக்கு 'பித்தப்பை இயல்பு' என்று ஒருநாள் அறிக்கை போனது. அவர் மனைவி திரும்பி வந்து, "மறுபடியும் மொளச்சிருச்சா டாக்டரம்மா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டோம்.

அந்த மாதிரி அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, கல்லீரலிலிருந்து வெளியேறும் குழாய்களும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாயும் இயல்பாக உள்ளன என்பது. இன்னொன்று, எண் அதிகமாக இருந்து நோயாளி ஆணாகவும் இருந்தால் தானாகவே வந்து ஒட்டிக்கொள்வது: 'குடிப்பழக்கம் பற்றி விசாரிக்கவும்.' இரண்டையும் நானே உட்கார்ந்து யோசித்து, நேரம் மிச்சமாகட்டும் என்று சேர்த்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

ஜாபர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தெட்டு வயது. சிம்மக்கல்லிலேயே பேப்பர் தம்ளர், பாக்குமட்டைத் தட்டு மொத்த வியாபாரம். காலில் வீக்கம், வயிற்றில் கொஞ்சம் நீர், நடந்தால் களைப்பு. மஞ்சள் காமாலை வகைக் கிருமி எதுவும் ரத்தத்தில் இல்லை. பொது மருத்துவர் கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். நான் விதிப்படிதான் செய்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பத்து அளவு எடுத்தேன், பத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. எண் இருபத்துநாலு, ஏழுக்குள் இருக்க வேண்டியது. படம் சிவப்போ சிவப்பு. இவ்வளவு சுத்தமாக அளவு வந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆளைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். முற்றிய கல்லீரல் சுருக்கம் என்று முருகேஸ்வரியிடம் சொன்னேன். மற்ற வரிகள் வழக்கம்போல இறங்கின. கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள் என் மேஜையை விட்டுப் போய் என்னென்ன செய்தது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து, இறுக்கம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி அனுப்பியிருந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார், வயிறு மட்டும் பெரிதாகியிருந்தது. படுக்க வைத்தேன். இயந்திரத்தில் அந்தக் கலர் பொத்தானை அழுத்தினால், உரிமம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று வருகிறது! கம்பெனிக்குப் போன் போட்டால், "அஞ்சு நிமிஷம் மேடம், கோட் நம்பர் அனுப்புறோம்" என்கிறார்கள். அவர்களுடைய அஞ்சு நிமிஷம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலேயே கருவியை அங்கே இங்கே நகர்த்திக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

"குடியை நிறுத்திட்டீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "தொட்டாத்தானம்மா நிறுத்த. ஹராம்னு சின்னப் பிள்ளையிலேருந்து அந்தப் பக்கமே போனதில்ல. எம்புட்டுச் சத்தியம் பண்ணியாச்சு. நீங்க எழுதிக் குடுத்த பேப்பரை எங்க மாமனார் நெஞ்சுப் பையில வச்சுக்கிட்டுத் திரியிறாரு. 'பெரிய டாக்டரம்மா சும்மாவா எழுதும்'ங்கிறாரு. 'தம்ளர் விக்கிறவன் வெறும் தம்ளரையா பாத்துக்கிட்டு இருப்பான்'னு ஜமாத்துல நாலு பேரு முன்னாடி கேட்டுட்டாரு. பொண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிட்டாரு. நாலு மாசமாச்சு."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவர் மாமனார் மேல்தான் வந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். திரையின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். இதயத்துக்குப் போகும் அந்தப் பெரிய குழாய் கட்டைவிரலைவிடப் பருமனாக உப்பி நிற்கிறது. மூச்சை இழுத்தால் அது சுருங்க வேண்டும். இழுக்கச் சொன்னேன். அசையவில்லை. கல்லீரலுக்குள் இருந்து வருகிற குழாய்களும் அப்படியே தடித்துக் கிடந்தன. நிமிர்ந்து அவர் கழுத்தைப் பார்த்தேன். காதுக்குக் கீழே வரை நரம்பு புடைத்திருந்தது. "சட்டைக் காலர் பட்டனைப் போட்டா மூச்சு முட்டுதும்மா, ஒரு வருஷமாவே" என்றார்.

பிள்ளைகளா, அடுப்பங்கரைத் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் தொட்டியை உடைத்துப் பார்ப்பதில்லை, வெளியே போகிற குழாயைப் பார்ப்போம். ரத்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரலில் தேங்கினாலும் அது இறுகும். எண் இருபத்துநாலு காட்டத்தான் செய்யும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. இறுகியிருக்கிறது என்றது, அவ்வளவுதான். ஏன் என்று அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றைக்கே இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை தடித்து, இதயத்தை விரியவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கல்லூரிக் காலத்தில் அவருக்குக் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அது உறையில் விட்டுப்போன வடு. அதை உரித்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார். விட்டால் எத்தனை நாளோ.

பொது மருத்துவரைப் போனில் பிடித்து, இதயத்தை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்தது என்றே நினைக்கிறேன். அவர் மரியாதையாகச் சொன்னார்: "முதல்ல அந்தச் சந்தேகந்தான் மேடம் எனக்கு. உங்க ரிப்போர்ட்ல குழாய் எல்லாம் நார்மல்னு தெளிவா போட்டிருந்தீங்க. அதனாலதான் அந்தப் பக்கம் போகல."

போனை வைத்துவிட்டுப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். மனசில் ஒரு நப்பாசை, அப்போது ஒருவேளை இயல்பாகவே இருந்திருக்கும் என்று. மூன்றாவது படத்தின் ஓரத்தில், கலர் விழுகிற பெட்டிக்கு வெளியே, அதே குழாய் அதே பருமனில் உட்கார்ந்திருந்தது. நானே எடுத்த படம். என் பெயர் கீழே இருந்தது. வெட்கமாக இருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருப்பதால்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு நோயைக் கண்டுபிடித்த மகராசி. ஆனால் வைகைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் என்னுடைய இரண்டு அறிக்கைகள். முதலாவது, கல்லீரல் முற்றிச் சுருங்கிவிட்டது, குழாய்கள் இயல்பு என்கிறது. இரண்டாவது, குழாய்கள் உப்பியிருக்கின்றன, கல்லீரல் தேக்கத்தால் இறுகியிருக்கலாம் என்கிறது. முதலாவது நிஜமானால், கல்லீரல் தானாகவே கெட்ட ஆள். நெஞ்சைத் திறந்தால் மேஜையிலேயே போய்விடலாம். அப்படிப்பட்டவருக்கு அவர் ஆபரேஷன் செய்ய மாட்டார். சதை எடுத்துப் பார்க்கலாம் என்றால், வயிற்றில் நீரும் கல்லீரலில் தேங்கிய ரத்தமுமாக இருக்கிறவருக்கு ஊசி இறக்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. பயாப்சி கதையை முடித்துவைத்த நாங்கள்தான் இப்போது வந்து சொல்ல வேண்டும், எந்தத் தாளை நம்புவது என்று.

எங்கள் நிர்வாக இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இளநீர் வரவழைத்தார். அவர் இளநீர் வரவழைத்தால் ஏதோ முழுங்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"மேடம், ரொம்ப சிம்பிள். ஆறு மாசத்துக்கு முன்னாடி நார்மல், இப்ப அப்நார்மல். நோய் வளந்திருச்சு. ஒரு லெட்டர் போட்டுருவோம். உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல, ஆஸ்பத்திரிக்கும் இல்ல. யாருக்கு நஷ்டம்?"

"ஜாபருக்கு" என்றேன்.

"யாரு ஜாபர்?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

அந்தக் கடிதம் எவ்வளவு அழகானது என்று பாருங்கள். யாரையும் திட்டவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் அதன்படி குழாய் கெடுவதற்கு முன்பே கல்லீரல் கெட்டிருக்கிறது. அதாவது அவர் குடித்துத் தானே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர். அறுவை இல்லை. மாமனார் நெஞ்சுப் பையில் இருக்கிற தாளுக்குத் துணையாக இன்னொரு தாள். அவர் குடிகாரனாகவே மௌத்தாகிப் போவார், எங்கள் பெயரெல்லாம் நன்றாக இருக்கும்.

நான் உடனே எழுந்து வீரமாக ஏதும் பேசிவிடவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். முப்பது வருஷம் சேர்த்த பேர் அது. ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் அதே வரி இருக்கிறது. ஒன்றைப் பார்க்காமல் எழுதினேன் என்று ஒத்துக்கொண்டால் மற்றவற்றின் கதி என்ன என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் பிடித்து வைத்தது. மூன்றாம் நாள் ஜாபர் போன் செய்தார். "என்னம்மா, ஆபரேஷனுக்குத் தேதி குடுக்க மாட்டேங்கிறாங்க. நான் பொழைக்கிறதுக்கு வழி இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க" என்றார். ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்டினேன்.

நிபுணரின் அறையில் அவரோடு ஐந்து இளம் மருத்துவர்கள் இருந்தார்கள், உங்கள் வயசுதான். பழைய படத்தைத் திரையில் போட்டு ஓரத்தில் இருந்த குழாயைக் காட்டினேன். "இது ஆறு மாசத்துக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கு. நார்மல்னு எழுதியிருக்கிறது நான் பார்த்து எழுதினதில்ல. அது எல்லா ரிப்போர்ட்லயும் தானா வர்ற வரி. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். எழுத்திலும் கொடுத்தேன்.

ஐந்து பேரில் ஒருத்தருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, உங்க மத்த ரிப்போர்ட்டெல்லாம் மேடம்?"

"எனக்கும் அதே பயந்தான் சார்."

அவர் திரைக்குப் பக்கத்தில் போனார். படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் செய்துவிடலாம் என்றார். செய்தார். உறையை உரித்து எடுக்க ஐந்து மணி நேரம் ஆனதாம். ஜாபர் பிழைத்தார். எங்கள் இயக்குநர் அதற்குப் பிறகு எனக்கு இளநீர் வாங்கிக்கொடுக்கவில்லை. அந்த இரண்டு வரிகளையும் நானும் முருகேஸ்வரியும் சேர்ந்து அழித்தோம். பார்த்த பிறகுதான் எழுதுவது என்று ஆனதும் ஒரு நாளைக்கு எட்டு நோயாளிகள் குறைந்தார்கள், அதற்கும் ஏச்சு வாங்கினேன். இப்போது உங்கள் புது இயந்திரத்தில் கம்பெனிக்காரர் ஏற்றிக்கொடுத்திருக்கும் மாதிரி அறிக்கையில் எத்தனை உறுப்பு ஏற்கெனவே இயல்பாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? எண்ணிவிட்டு மாலையைப் போடுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஜாபர் மறு பரிசோதனைக்கு வந்தார். கூடவே மாமனார், வெள்ளைத் தொப்பியும் நெஞ்சுப் பையுமாக. எண் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. குழாய் மூச்சுக்கேற்ப ஒழுங்காகச் சுருங்கி விரிந்தது. மாமனார் பையிலிருந்து என் பழைய தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"இம்புட்டு நாள் தப்பா நெனச்சுட்டேம்மா. எங்க ஆளுக கிட்ட காட்டணும். இவரு குடிக்கவே இல்லைன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துருங்க."

"இந்த மெஷின் அவர் குடிச்சார்னு அன்னைக்கும் சொல்லல, குடிக்கலன்னு இன்னைக்கும் சொல்லாது. நான்தான் விசாரிக்கச் சொல்லி எழுதினேன். நீங்க விசாரிக்காம முடிவு பண்ணிட்டீங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உடனே தோன்றியது. ஜாபரிடம் திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். என் வேலைக்காலத்தில் ஒரு நோயாளியிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அட விடுங்கம்மா, உசுரைக் காப்பாத்திக் குடுத்தவுக நீங்க" என்று சட்டைப் பட்டனைப் போட்டார், காலர் பட்டன் வரைக்கும். வீட்டில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"வந்துட்டாங்கம்மா, எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு. சின்ன மக மட்டும், ஏழு வயசாகுது, நான் கடையிலேருந்து வந்ததும் ஓடியாந்து வாயைத் தெறக்கச் சொல்லி மோந்து பாக்குது. அங்க அவுக நன்னா, மாமனார் வீட்டுல, நான் குடிக்கிறேன்னு நாலஞ்சு மாசம் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. அது அதுக்கு வெளையாட்டுத்தான். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. குனிஞ்சு தெறந்து காட்டிருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரியவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் அந்தப் பழைய தாளை மேஜையிலிருந்து எடுத்து, என் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கிழித்துப் போடலாமா என்று கேட்டேன். கிழிங்கம்மா என்றார் ஜாபர். கிழித்தேன். அதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.